'போரும் அமைதியும்': பிரெஞ்சை வெட்டாத பதிப்பையே வாங்குங்கள்

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை ஆங்கிலத்தில் படிக்க நினைப்பவர்கள் விலையையும் எழுத்தின் அளவையும் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். இது ரஷ்ய நாவல்தான், ஆனால் அதில் வரும் பிரபுக்கள் தங்களுக்குள் பிரெஞ்சு பேசுபவர்கள், டால்ஸ்டாயும் அந்தப் பேச்சைப் பிரெஞ்சிலேயே எழுதியிருக்கிறார். மூலத்தில் இருக்கும் அந்தப் பிரெஞ்சு இதில் இருக்கிறதா? ரிச்சர்ட் பெவியரும் லரிஸா வோலகோன்ஸ்கியும் மொழிபெயர்த்து 2007இல் வந்த பதிப்பில் இருக்கிறது. அர்த்தத்தை அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் பிரபுக்கள் கூடும் ஒரு வீட்டில் கதை தொடங்குகிறது. முதல் வாக்கியமே பிரெஞ்சு. இத்தாலிய நகரங்களான ஜெனோவாவும் லூக்காவும் போனபார்ட் குடும்பத்துச் சொத்தாகிவிட்டன என்று நெப்போலியனைத் திட்டுகிறாள் வீட்டுக்காரி அன்னா பாவ்லோவ்னா, அவன் மொழியிலேயே. நடுவில் 'பமேஸ்த்யா' என்று ஒரே ஒரு ரஷ்யச் சொல், பண்ணை நிலங்கள் என்ற பொருளில். மொத்தத்தையும் ஆங்கிலமாக்கினால் இது கண்ணிலேயே படாது.

1812க்கு வந்தால் இழப்பு இன்னும் பெரிது. நெப்போலியன் படை மாஸ்கோவை நெருங்குகிறது. அங்கே ஜூலி என்ற பிரபு குலப் பெண்ணின் வீட்டில் பிரெஞ்சு பேசினால் அபராதம், பணம் போர் நிதிக்கு. வாய் தவறி ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னதற்கு ஜூலி அபராதம் கட்டச் சம்மதிக்கிறாள். ஆனால் அவள் பேசும் ரஷ்யமே பிரெஞ்சு வாக்கிய அமைப்பில் இருக்கிறது என்று ஒருவர் பிடிக்கும்போது, அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை, ஆசிரியர் வைத்து ரஷ்யம் படிக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை என்கிறாள். தேசப்பற்று வந்துவிட்டது, தாய்மொழி இன்னும் கைக்கு வரவில்லை. அந்த வர்க்கத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமான ஒரு பக்கத்தைக் காட்டுவது கடினம்.

பெவியர்–வோலகோன்ஸ்கி பதிப்பில் குறையும் உண்டு. பிரெஞ்சுப் பேச்சுக்குள் வரும் ரஷ்யச் சொற்களை ஆங்கிலமாக்கிவிட்டார்கள். தூதரக அதிகாரி பிலிபின் ஏளனத்தோடு அழுத்த நினைக்கும் சொல்லை மட்டும் ரஷ்யத்தில் சொல்பவன். அங்கே வரும் ஆங்கிலச் சொல்லை ரஷ்யம் என்று நாம்தான் மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும். தொடக்க அத்தியாயங்களில் கண் மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பதால் பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடிக்குறிப்பை முதலில் படித்துவிட்டு மேலே போங்கள், ஓட்டம் தடைபடாது. யார் யாரிடம் எப்போது மொழி மாறுகிறார் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வதும் உதவும். நாயகர்களில் ஒருவனான பியர், தான் மணக்கப்போகும் ஹெலெனிடம் காதலைச் சொல்வது பிரெஞ்சில். அந்த வார்த்தைகள் அவன் காதுக்கே பொய்யாகக் கேட்கின்றன.

மாட் தம்பதியின் பழைய மொழிபெயர்ப்பு (1922–23) நடையில் இன்றும் அழகு, ஆனால் பிரெஞ்சில் பெரும்பகுதி ஆங்கிலமாகிவிட்டது. அதையே ஏமி மாண்டல்கர் திருத்தி, பிரெஞ்சை மீட்டுச் சேர்த்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு 2010இல் வந்தது; அதையும் தயங்காமல் வாங்கலாம். ஆண்டனி பிரிக்ஸின் 2005 மொழிபெயர்ப்பு சரளமானது. கதை மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரி. டால்ஸ்டாயே 1873 பதிப்பில் பிரெஞ்சை எடுத்துவிட்டாரே என்று வாதிடுவோர் உண்டு. பின்னால் வந்த பதிப்பில் அது திரும்பவும் இடம்பெற்றுவிட்டது.