செயினுக்குச் சுண்டுவிரல் கனம் தொய்வு வேண்டும்: கொடைக்கானலில் கியர் இல்லாத சைக்கிளோடு நான்கு வருடம்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் போகும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கியர் இல்லாத சைக்கிளை உட்கார்ந்தபடியே மிதிக்க இந்த ஊரில் அதைவிட நல்ல சாலை கிடையாது. ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் திரும்பினால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். என் வீடு ஏரிக்கு மேலே இருக்கிறது. காலையில் இறங்கி வேலைக்குப் போவேன், மாலையில் ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுக் கடைசி ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டு வீடு சேருவேன். நான்கு வருடமாக ஒரே வண்டி. 28 அங்குலச் சக்கரம், ஒயருக்குப் பதிலாக இரும்புக் கம்பி இழுக்கும் கம்பி பிரேக், முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 18 பல்.

வண்டி உழைக்கிறது, அதில் குறையில்லை. கனம்தான் அதிகம், தள்ளும்போது தெரியும். பனியும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊர் என்பதால் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதைப் பிறகு சொல்கிறேன். நான் முக்கியமாக எழுத வந்தது, ஏழு மாதம் இந்த வண்டியை இறுக்கமான செயினோடு ஓட்டிய கதை.

இரண்டரை வருடத்தில் பழைய செயின் தேய்ந்துபோனது. வேறு வேலையாக வத்தலக்குண்டு போனபோது வண்டியையும் கொண்டுபோய் ஒரு கடையில் புதுச் செயின் போட்டேன். மாட்டி முடித்ததும் தட்டிப் பார்த்தால் வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது.

“அண்ணே, கொஞ்சம் லூஸா இருக்கட்டுமே?”

“மலைக்குப் போற வண்டி தம்பி. டைட்டா இருந்தாத்தான் ஏத்தத்துல கழலாது.”

கேட்க நியாயமாக இருந்தது, நம்பிவிட்டேன். மறுநாளே மிதிப்பது கனமாகத் தெரிந்தது. பெடல் ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒரு இடத்தில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி, மறுபடி ‘கர்ர்’. பெடல் சுற்றும் கிராங்க் பக்கம் பால்ஸ் (பேரிங் குண்டுகள்) போய்விட்டது என்று நினைத்து, அதைப் பிரித்துப் புது பால்ஸும் கிரீஸும் போட்டேன். சத்தம் அப்படியே இருந்தது.

ஏரிக்கரையில் பல வருடம் வாடகை சைக்கிள்களைப் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர்தான் விஷயத்தைப் பிடித்தார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைப் பின்பக்கமாகச் சுண்டிவிட்டார். நல்ல வண்டியில் அது தானாகச் சில சுற்று ஓடும். என் வண்டியில் அரைச் சுற்றிலேயே நின்றது. அடுத்து, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். வலது பெடல் கீழே இருந்தபோது கொஞ்சம் ஆடியது. பெடலை மேலே கொண்டுவந்தார், அசையவே இல்லை.

“இந்த இடத்துலதான் பாக்கணும். லூஸா இருக்கற இடத்துல பாத்து டைட் வச்சா இப்படித்தான் ஆகும்” என்றார்.

காரணம் இதுதான். முன் பல்சக்கரம் நூல் பிடித்தாற்போல் வட்டமாக இருப்பதில்லை, துளி மையம் விலகியே இருக்கும். அதனால் ஒரு சுற்றுக்குள் செயின் ஒரு இடத்தில் இறுகி, எதிர்ப்பக்கம் தளரும். இறுக்கம் எப்போதும் பெடலின் ஒரே நிலையில் வந்தால் கோளாறு முன் பல்சக்கரத்தில். வெவ்வேறு நிலையில் வந்தால் ஃப்ரீவீலையோ (பின் பல்சக்கரம்), செயினில் மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணியையோ பார்க்க வேண்டும். என் கணக்குப்படி இந்த வண்டி ஒரு மிதிச் சுற்றுக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் போகும். ஏரியை ஒருமுறை சுற்றினால் 900 தடவைக்கு மேல் அந்த இறுக்கம் பின் ஆக்சிலை (சக்கரத்தின் அச்சை) பிடித்து இழுத்திருக்கிறது. ஏழு மாத மாலைகளை நினைத்தபோது மனசு கேட்கவில்லை.

சரி, சக்கரத்தை முன்னால் தள்ளித் தளர்த்தலாம் என்று பார்த்தால், ஆக்சில் ஏற்கெனவே, அது உட்காரும் சட்டத்து வாயின் முன்முனையில் முட்டிக்கொண்டிருந்தது. செயினை ஒரு ஜோடி கண்ணி அதிகமாக வெட்டி மாட்டியிருக்கிறார்கள். ஒரு கண்ணி அரை அங்குலம், ஜோடி ஒரு அங்குலம். மேலும் கீழுமாகச் செயின் இரண்டு ஓட்டம் ஓடுவதால், ஒரு அங்குலம் சேர்த்தால் சக்கரம் அரை அங்குலம் பின்னால் போகும். அதே அளவுச் செயினிலிருந்து கழற்றிய ஒரு உள்கண்ணியையும் புதிதாக ஒரு செயின் லாக்கையும் (கிளிப் போட்டு மூடும் இணைப்புக் கண்ணி) வைத்து நீளம் சேர்த்தோம். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

அப்புறம் பெடலை இறுக்கமான நிலையில் நிறுத்தி, அங்கே செயின் மேலும் கீழுமாக மொத்தம் அரை அங்குலம், அதாவது ஒரு சுண்டுவிரல் கனம், ஆடும்படி சக்கரத்தை வைத்தோம். முதலில் செயின் பக்க நட்டை லேசாகப் பிடித்துவிட்டு, டயர் இரண்டு பக்கக் குழாய்க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து மறுபக்க நட்டை முடுக்க வேண்டும். நட்டை முடுக்கும்போது ஆக்சில் துளி நகரும். அதனால் முழுதாக முடுக்கிய பிறகு தொய்வை மறுபடி பார்க்காமல் விடக் கூடாது. எனக்கு மூன்றாவது முறைதான் சரியாக அமைந்தது. மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் அதே ஆக்சிலில் மாட்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் அத்தனையும் சேர்ந்தே நகர்ந்தது.

யாரும் எச்சரிக்காத ஒன்று பிரேக். கம்பி பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில் பிடிக்கும். சக்கரம் பின்னால் போனதும் பின் கட்டைகள் ரிம்மில் உரச ஆரம்பித்தன, கம்பியைத் தளர்த்தினோம். சக்கரத்தை முன்னால் தள்ளுகிறவர்களுக்கு இது நேர்மாறாக நடக்கும். இடைவெளி கூடிப் பிரேக் பிடிக்காமல் போகும். இந்த ஊர் இறக்கத்தில் அதைப் பார்க்காமல் ஏறிவிடாதீர்கள்.

முடித்துவிட்டுப் பெடலைப் பின்னால் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தளர்ந்த செயின் ஏற்றத்தில் கழலும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒரு வருடம் ஆகிறது, ஒருமுறைகூடக் கழலவில்லை. ஆனால் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பிரித்தபோது, பால்ஸ் உருளும் கோனில் குழி விழுந்திருந்தது. கோனும் பால்ஸும் மாற்ற வேண்டியதாயிற்று.

துரு விஷயம். நம் வீடுகளில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய்தான், ஆனால் இந்தக் குளிரில் அது செயினிலேயே உறைந்து வெள்ளையாக அப்பிக்கொள்கிறது. தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துணியால் துடைத்தெடுப்பது எனக்கு நன்றாக வேலை செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் மாதம் இருமுறை.

தேய்மானத்தை இரும்பு டேப்பால் அளக்கிறேன். செயின் நீள்வது கண்ணிகளை இணைக்கும் பின்கள் (ஊசிகள்) தேய்வதால்தான். புதுச் செயினில் பின்னிலிருந்து பின்னுக்கு 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் ஒரு நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். என்னுடையது போன ஞாயிற்றுக்கிழமை அரை நூலைத் தொட்டிருந்தது. இந்த மழைக்காலம் தாங்கும்.