கறுப்புக் கோட்டிங்குக்கு அடியில் மீன் செதில்

பிக்கப், மினி லாரி வைத்திருக்கிறவர்கள் யாராவது பாடிக்கும் மட்கார்டு உள்பக்கத்துக்கும் துருப்பிடிக்காத கறுப்புக் கோட்டிங் அடிக்கலாம் என்று நினைத்திருந்தால், வண்டியைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 18,500 ரூபாய் செலவழித்து, கொஞ்சமாக இருந்த துருவை மூடிவைத்து வளர்த்துக்கொண்டேன்.

என்னுடையது நாலு வருஷமான பொலிரோ பிக்கப். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ராத்திரி ஏற்றினால் விடிவதற்குள் மதுரையில் இறக்க வேண்டும். கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். வழி முழுக்க ஐஸ் உருகி மீன் தண்ணீர் பாடியில் ஓடிக்கொண்டே இருக்கும். உப்புத்தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேபினை ஒட்டிய மூலையில் பெயின்ட் உரிந்து செம்மண் நிறம் தெரிந்ததும் பயந்துவிட்டேன்.

பைபாஸில் ஒரு கடை. விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. “சூடாக்கிப் பீய்ச்சுற பாலியூரியா அண்ணாச்சி, ரெண்டு மில்லி கனம், அஞ்சு வருஷம் வாரன்டி” என்றார் கடைக்காரர். பாலியூரியா என்பது ரெண்டு சரக்கைக் கலந்து அடிக்கிற, ரப்பர் மாதிரி கெட்டியாக இறுகுகிற பூச்சு. கறுப்பாக ஒரு தகட்டைக் கையில் கொடுத்து, சுத்தியலால் அடிக்கச் சொன்னார். அடித்தேன், ஒரு கீறல் இல்லை. அந்தத் தகட்டில் இருந்தது உண்மையான சரக்குதான். என் வண்டியில் அதை அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்கு வண்டியை விட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு, “ரெடி அண்ணாச்சி, வந்து எடுத்துக்கோங்க” என்று போன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மீன் கவிச்சி போக அந்த பாடியைக் கழுவவே எனக்கு அரை நாள் பிடிக்கும். ஆனால் போய்ப் பார்த்தால் குளிப்பாட்டின எருமை மாதிரி கருகருவென்று மின்னிக்கொண்டு நிற்கிறது. வாயடைத்துப் போனேன். ராத்திரியே லோடு ஏற்றலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக ஏற்றுங்கள் என்றார். சூட்டில் பீய்ச்சுகிற பாலியூரியா சில நொடிகளில் இறுகிவிடும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அதனால் நம்பினேன். அரைகுறையாகத் தெரிந்துவைத்திருந்தால் இதுதான் வினை.

முதல் வாரமே மதுரை வியாபாரி போன் போட்டார். “என்ன தம்பி, பெட்டி அடியில எல்லாம் தாரு ஒட்டியிருக்கு?” அப்புறம் ஒரு மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு பாடியில் ஏறினால், செருப்பு ஒட்டிக்கொண்டு கால் மட்டும் வருகிறது. ரெண்டு நாளாகச் சைலன்சரிலிருந்து ஒரு கருகல் வாடை வேறு. அதன் மேலும் அடித்துவைத்திருந்தார்கள்.

மூன்றாவது மாதம், அதே மூலையில், பூரி உப்பின மாதிரி ஒரு கொப்புளம். கட்டை விரலால் அமுக்கினேன், ஓரத்தில் பிசுக்கென்று தண்ணீர் வந்தது. மோந்து பார்த்தேன், மீன் தண்ணீர். ஒரு ரூபாய்க் காசால் சுரண்டினால் கோட்டிங் தோல் மாதிரி உரிந்து வருகிறது. அடியில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் கரைத்த புளி மாதிரி துருச்சேறு. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி அழகாக, ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. கழுவக்கூட இல்லை! செதிலின் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

மட்கார்டு கதை இன்னும் மோசம். டயரைக் கழற்றவே இல்லை. டயர் மறைத்த இடம் அரைவட்டமாக அப்படியே பழைய கோலத்தில் இருக்கிறது. மற்ற இடத்தில் காய்ந்த சேற்றின் மேல் அடித்ததால், தட்டினால் சேறோடு சேர்ந்து அப்பளமாக விழுகிறது. பாடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் நாலையும் கோட்டிங் அடைத்துவிட்டது. ஆக, முன்பு ஓடிப்போய்க்கொண்டிருந்த உப்புத்தண்ணீர் இப்போது மூலையில் தேங்கி, தோலுக்கு அடியில் ஊறி, காயவும் வழியில்லாமல் தகட்டைத் தின்றிருக்கிறது. சும்மா விட்டிருந்தால்கூட இவ்வளவு அரித்திருக்காது.

கடைக்குப் போனேன். கடைக்காரர் வாரன்டி அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பு எழுத்தில், உப்புத்தண்ணீர், மீன், ரசாயன லோடுகளுக்குப் பொருந்தாது என்று இருக்கிறது. “நீங்க மீன் லோடுனு சொல்லவே இல்லையே அண்ணாச்சி” என்கிறார். என் வண்டி தெருவில் திரும்பினாலே பூனைகள் எழுந்து நிற்கும். அதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

அன்றைக்குத்தான் கடையைச் சரியாகப் பார்த்தேன். பாலியூரியாவுக்கு ரெண்டு சரக்கையும் தனித்தனியாகச் சூடாக்கி, ஹோஸ் வழியாக அழுத்தத்தில் கொண்டுவந்து, துப்பாக்கி முனையில் கலக்கிற பெரிய மெஷின் வேண்டும். அங்கே இருந்தது பெயின்ட் அடிக்கிற சாதாரண கம்ப்ரசரும் ஒரு கன்னும். மூலையில் காலி டப்பாக்கள், எல்லாம் ஒரே ரகம், கலந்தால் இறுக வைக்கிற ஹார்டனர் டப்பா ஒன்றுகூட இல்லை. எனக்கு அடித்தது தார் கலந்த அண்டர்பாடி சரக்கு.

எங்கள் டிங்கர் மேஸ்திரி பார்த்துவிட்டுச் சொன்னது: தார் ரகம் கெட்ட சரக்கு இல்லை. கொஞ்சம் மெத்தென்று இருப்பதால் டயர் அடிக்கிற கல்லைத் தாங்கும், மட்கார்டுக்கு அது போதும். ஆனால் பெட்டி இழுபடுகிற பாடிக்கு ஆகாது, வெயிலில் இளகிவிடும். விலையும் இவ்வளவு கிடையாது. பாடிக்கு ஹார்டனர் கலந்து அடிக்கிற ரெண்டு டப்பா சரக்குதான் வேண்டும்.

அவர் செய்த வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பழசைச் சுரண்டி எடுக்கவே ரெண்டு நாள். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு மூன்று தடவை கழுவி, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி வெள்ளை இரும்பு தெரிகிறவரை தேய்த்தார். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது, தகடு வெட்டிப் பற்றவைத்தார். உப்புத்தாள் போட்டு, தின்னரால் துடைத்து, வடிகால் ஓட்டைகளில் குச்சி செருகி, பிரேக் ஹோஸையும் சைலன்சரையும் பேப்பர் சுற்றி மறைத்து, துருவைத் தடுக்கிற அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடித்தார். அதற்கு அப்புறம்தான் கோட்டிங், ரெண்டு கை. அடித்த பையன் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஃபில்டர் வைத்த மாஸ்க் போட்டிருந்தான். அந்த ஹார்டனர் நெஞ்சுக்கு ஆகாதாம். ஒரு வாரம் லோடு ஏற்றக் கூடாது என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். தகடு வேலையோடு 31,000 ரூபாய். வாடகை போனது தனி.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், வேலை நடக்கும்போது நிற்க விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடை. பிரிக்காத டப்பாவைக் காட்டச் சொல்லி, சுத்தம் செய்து முடித்ததும் மூலைகளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு விழுந்த பிறகு கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. என்ன லோடு என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் ‘கோட்டிங் வேலை’ என்று ரெண்டே வார்த்தைதான் இருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வாடகை வண்டிக்காரனுக்கு நுகர்வோர் வழக்கு கிடையாது என்று கடைக்காரர் சிரித்தார். சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு வழி உண்டு என்கிறார் வக்கீல். அந்தச் செதில் ஒட்டின துண்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார். அல்வா டப்பாவில் போட்டு பீரோவில் வைத்தேன். நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டில் அதை மொட்டைமாடிக்கு மாற்றியிருக்கிறார்கள்.