ஆண்டுச் சந்தாவை மாதத் தவணையில் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

குறிப்புகள் எழுதிவைக்கும் ஒரு செயலிக்குப் பல வருடங்களாகப் பணம் கட்டிவந்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. இதே வேலையைச் செய்கிற நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. ஒரு பெயரைச் சொன்னால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் மாட்டிக்கொள்வோம். எப்படி மாட்டவைத்தார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன். இணையத்தில் எதற்காவது மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்றால் பொறுமையாகப் படியுங்கள்.

செயலியை வேறொரு நிறுவனம் வாங்கியது. அதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொஞ்ச நாளில் "உங்கள் திட்டம் இன்னும் சிறப்பாகிறது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பெரிய படங்கள், செயற்கை நுண்ணறிவு உதவியாளர், புது வண்ணங்கள் என்று நீண்டுகொண்டே போன அந்த மின்னஞ்சலின் அடியில், சாம்பல் நிறத்தில், கட்டணம் கூடுகிறது என்று இருந்தது. அடுத்த முறை செயலியைத் திறந்தபோது ஒரு திரை குறுக்கே வந்தது. அதில் "தொடரவும்" என்று ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தாமல் என் குறிப்புகளைப் பார்க்க வழியில்லை. அந்த அழுத்தத்தையே என் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மாதச் சந்தாவாக இருந்ததை 'ஆண்டுத் திட்டம், மாதத் தவணை' என்று மாற்றிவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. மாதச் சந்தா என்றால் எந்த மாதம் வேண்டுமானாலும் நிறுத்தலாம். மாதத் தவணை என்றால் ஒரு முழு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. பணத்தை மட்டும் துண்டுதுண்டாக வாங்குகிறார்கள். நடுவில் விலகினால் மீதி மாதங்களுக்கான தொகையில் ஒரு பெரும் பங்கை அபராதமாகக் கட்ட வேண்டும். திரையில் பெரிதாகத் தெரிவது மாதத்தொகைதான். அபராதத்தைப் பற்றிய வரி வேறெங்கோ, ஒரு சிறு குறியைத் தொட்டால் மட்டும் விரிகிற பெட்டிக்குள் இருக்கும்.

இது ஏதோ சிறிய நிறுவனங்களின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். ஃபோட்டோஷாப் மென்பொருளைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் இதே வகைத் திட்டத்தில், விலகினால் வரும் கட்டணத்தை மறைத்ததாகவும் ரத்து செய்வதைக் கடினமாக்கியதாகவும் குற்றம்சாட்டி அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்குத் தொடர்ந்தது. அடோபி அதை மறுத்தது. அவர்களுடைய அப்போதைய விதிமுறைப்படி முதல் 14 நாட்களுக்குப் பிறகு விலகினால் மீதித் தொகையில் பாதியைக் கட்ட வேண்டியிருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ரத்து செய்யப் போனேன். கைபேசிச் செயலியில் அதற்கான இடமே இல்லை. சேர்வதற்குச் செயலியிலேயே ஒரு தொடுதல் போதும். விலகுவதற்கு மட்டும் கணினியில் இணையதளத்துக்குப் போய், கடவுச்சொல்லை மறுபடி கொடுத்து, 'கணக்கு', 'திட்டம்', 'திட்டத்தை நிர்வகி' என்று உள்ளே உள்ளே போக வேண்டும். அங்கே "என் பலன்களை வைத்துக்கொள்கிறேன்" என்பது பளிச்சென்ற நீலத்தில் பெரிய பொத்தான். விலகும் வழி, கோடிடாத சாதாரண எழுத்து. அதைத் தொட்டால் காரணம் கேட்டார்கள். அடுத்து தள்ளுபடி காட்டினார்கள். அதற்கும் அடுத்து, உதவியாளரிடம் அரட்டையில் பேசினால்தான் முடியும் என்றார்கள். அந்த உதவியாளர் ஒவ்வொரு பதிலுக்கும் நெடுநேரம் காக்கவைத்தார். பேசுவது மனிதரா நிரலா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

வேண்டுமென்றே குழப்பும் இத்தகைய வடிவமைப்புக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர். அதற்குப் பிறகு இது குறையவில்லை. அமேசான் பிரைமிலிருந்து விலகும் வழிக்கு, அந்த நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்ற நீண்ட கிரேக்கப் போர்க் காவியத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள் என்பது 2023 வழக்கில் வெளியே வந்தது. 2025 செப்டம்பரில் அமேசான், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 250 கோடி டாலர் தர இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. சேர்வது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக விலகவும் முடிய வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் கொண்டுவந்த விதியோ, நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருந்தபோது 2025 ஜூலையில் நீதிமன்றத்தில் ரத்தானது. ஜெர்மனியிலோ 2022 ஜூலையிலிருந்து இணையதளத்திலேயே ரத்துப் பொத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே ஒரு பொத்தானை வைக்க முடிகிறது என்றால் மற்ற எல்லா இடத்திலும் வைக்க முடியும். வைக்க மனமில்லை, அவ்வளவுதான்.

அபராதத்தைக் கட்டித்தான் வெளியே வந்தேன். எழுதிக் கேட்டதற்கு "நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிமுறைகளின்படி" என்று தொடங்கும் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. அட்டையை முடக்கிவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அட்டையை முடக்கினால் பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. பாக்கி என்று கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கலாம்.

பணம் போனதைக்கூட விட்டுவிடுகிறேன். என் குறிப்புகளை என்ன செய்தார்கள் என்பதுதான் இன்னும் ஆறவில்லை. அப்பாவின் மருத்துவ அறிக்கைகள், வேலை சம்பந்தமான விவரங்கள், படித்த புத்தகங்களிலிருந்து எழுதிவைத்தவை, எல்லாம் அதற்குள் இருந்தன. 'ஏற்றுமதி' என்று ஒரு வசதி இருந்தது உண்மை. அது தந்த கோப்பு அவர்களுடைய சொந்த வடிவம். வேறு எந்த மென்பொருளிலும் ஒழுங்காகத் திறக்கவில்லை. இணைத்திருந்த படங்கள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு ஒரு தனி அடைவில் கொட்டிக் கிடந்தன. எந்தப் படம் எந்தக் குறிப்புக்கு உரியது என்று தெரியாது. எழுதிய தேதிகள் எல்லாம் ஏற்றுமதி செய்த தேதியாக மாறியிருந்தன. ஒரு மருத்துவ அறிக்கையில் தேதி எவ்வளவு முக்கியம் என்று அந்த மென்பொருளை வடிவமைத்தவருக்குத் தெரியாதா? அதற்குள், கட்டணம் செலுத்தாத கணக்கில் உள்ளவை அழிக்கப்படும் என்று எச்சரிக்கை வேறு. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை.

இப்போது ஜாப்ளின் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை, அதாவது நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பயன்படுத்தக்கூடிய மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். குறிப்புகளை மார்க்டவுன் என்னும் வெறும் எழுத்துக் கோப்புகளாக வெளியே எடுக்கலாம். எந்தக் கணினியிலும் எந்த எழுத்துச் செயலியிலும் திறக்கும். குறை இல்லாமல் இல்லை. பழைய செயலியின் பளபளப்பு இதில் கிடையாது. கைபேசிக்கும் கணினிக்கும் இடையே ஒத்திசைக்க நெக்ஸ்ட்கிளவுட், டிராப்பாக்ஸ் என்று ஏதாவது ஒரு இணையச் சேமிப்பு வசதியை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். மென்பொருளுக்குக் காசு கொடுப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. நன்றாக உழைக்கிறவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கும் நன்கொடை கொடுங்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் இருந்தாலே எல்லாம் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்ட்டில் சர்வர்களை அமைத்து நிர்வகிக்க உதவும் டெராஃபார்ம் என்ற மென்பொருளின் உரிமத்தைக் கட்டுப்பாடுகள் கொண்டதாக மாற்றியது. பூட்டிய மென்பொருளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது: பழைய உரிமத்தில் வெளியான நிரலை எடுத்துக்கொண்டு பலர் சேர்ந்து ஓப்பன்டோஃபு என்று தொடர்ந்தார்கள். ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு 2010இல் லிப்ரே ஆபிஸ் பிறந்ததும் இப்படித்தான். என் பழைய செயலியை யாராவது அப்படி எடுத்து நடத்தியிருக்க முடியுமா? நிரல் பூட்டிக் கிடக்கிறது.

ஆகவே புதிதாக ஒன்றில் சேருகிறவர்கள், இலவச சோதனைக் காலத்திலேயே நாலைந்து குறிப்புகளைப் படத்தோடு போட்டு, ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள். கட்டும் திரையில் 'ஆண்டு' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது; ஆப்பிளிலும் கூகுள் பிளேயிலும் சந்தாப் பகுதிக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும். ஆப்பிளில் சோதனைக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்யச் சொல்கிறார்கள், கடைசி நாள்வரை விட்டுவைக்காதீர்கள்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அவசரப்பட்டு முதலில் ரத்து செய்துவிட வேண்டாம். ரத்தான கணக்கில் ஏற்றுமதியைப் பூட்டிவிடக்கூடும். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திறந்து சரிபார்த்து, இன்னொரு பிரதியும் வைத்துக்கொண்ட பிறகு ரத்து செய்யுங்கள். ரத்தானது என்று வரும் மின்னஞ்சலை அழிக்காமல், அடுத்த மாத வங்கிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.