பூஜ்யம் காட்டிய கணக்கியும் அம்மாவின் இருபத்திரண்டு பவுனும்

சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வழியாக ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம் ஆண்டுதோறும் தன் செல்வத்திலிருந்து கொடுக்க வேண்டிய கட்டாயப் பங்கு) செலுத்தத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இணையத்தளத்தில் கணக்கிட்டுச் செலுத்தியிருக்கிறேன். ரமலானில் பள்ளிவாசல் முகப்பில் நேரில் சென்றும் செலுத்தியிருக்கிறேன். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில், இந்தச் சேவை எதில் சிறந்து நிற்கிறது, எங்கள் குடும்பத்தைப் போன்ற தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு எந்த இடத்தில் அது போதாமல் போகிறது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

என் தந்தையான அத்தா இருந்த காலத்தில் எங்கள் ஜகாத் முழுவதும் தென்காசிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கே போகும். ரமலான் இறுதிப் பத்தில் ஊருக்குச் சென்றால், வங்கியில் மாற்றி வாங்கிய புதிய நோட்டுக் கட்டுகள் பாட்டியான நன்னியின் மடியில் இருக்கும். விடிந்தது முதல் வாசல் திண்ணையை ஒட்டி ஒரு வரிசை நிற்கும். வெள்ளைத் துப்பட்டியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற பெண்களில் ஒருவர் என் பள்ளித் தோழியின் தாயார் என்பதை ஒருமுறை கண்டுகொண்டேன். அவரும் என்னைக் கண்டுகொண்டார். அந்த வரிசை எனக்குப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். 2015 ஜூலையில் வங்காளதேசத்தின் மைமன்சிங் நகரில் ஜகாத் துணி வாங்க விடியற்காலையில் கூடிய கூட்டத்தின் நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியைப் படித்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

அத்தாவுக்குப் பிறகு ஊருக்குப் போவது குறைந்தது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வேண்டுகோளை நம்பி, பெயரை இங்கே எழுத விரும்பாத ஓர் அமைப்புக்கு ஒரு ரமலானில் ஜகாத்தை அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு ஒரு துஆ, அதாவது பிரார்த்தனை, வந்தது. மறு ஆண்டு அதே சிறுவனின் அதே புகைப்படம், வேறொரு நோயின் பெயரோடு வந்தது. என் ஜகாத் நிறைவேறியதா என்று மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவரிடம் கேட்கப் போகும் நிலை வந்த பிறகுதான், செலுத்தும் இடத்தைப் பற்றிச் சற்று நிதானமாக யோசித்தேன்.

முயிஸ் தனியார் அறக்கட்டளை அன்று. 1966இல் நிறைவேறிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் கீழ் 1968இல் அமைந்த அரசு சார் அமைப்பு அது. ஜகாத்தையும், நோன்புப் பெருநாளை ஒட்டிக் கொடுக்கும் ஃபித்ரா தர்மத்தையும் திரட்டிப் பங்கிடும் அதிகாரம் அந்தச் சட்டத்திலிருந்தே அதற்கு வருகிறது. எவ்வளவு திரண்டது, திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் சொல்லும் எட்டு வகையினரில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடுகிறார்கள். திரட்டுவோரும் பங்கிடுவோருமான ஆமில்களுக்கு அந்த வசனமே ஒரு பங்கு வைத்திருப்பதால், நிர்வாகச் செலவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் மறைவில்லாத பதில் இருக்கிறது. வரியில் வரும் சலுகையைச் சிலர் பெரிதாகப் பேசுகிறார்கள். அது வரி விதிப்புக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை மட்டுமே. மலேசியாவில் போல வரித்தொகையிலேயே நேரடியாகக் கழிப்பதில்லை.

இணையத்தளத்தில் சேமிப்பு, தங்கம், பங்கு, வணிகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கி இருக்கிறது. சேமிப்புக் கணக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதுவரை ஒரு தோராயத் தொகையைத்தான் கொடுத்துவந்தேன் என்பதை அதுதான் எனக்குக் காட்டியது. ஜகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவுக்கு நிஸாப் என்று பெயர்; 86 கிராம் தங்கத்தின் மதிப்பே அது. தங்கம் விலை நகரும்போது அதுவும் நகர்வதால், மாதந்தோறும் புதிய தொகையை அறிவிக்கிறார்கள். ஹவ்ல் எனப்படும் ஓராண்டுக் காலத்தில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பை எடுத்து, அதிலிருந்து வங்கி கொடுத்த வட்டியைக் கழித்து, மீதி நிஸாபை எட்டினால் இரண்டரை விழுக்காடு. மிகக் குறைந்த இருப்பு 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வட்டி 200 வெள்ளி என்றால், 29,800க்கு 745 வெள்ளி. பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டு எந்த நாளில் இருப்பு அடியில் தொட்டது என்று தேடிய அந்த ஒரு மணி நேரம், ரமலானின் வேறு எந்த ஒரு மணி நேரத்துக்கும் குறைந்ததாக எனக்குப் படவில்லை.

இங்கேதான் முதல் சிக்கல் வந்தது. முயிஸின் கணக்கு முறை, மத்ஹப் எனப்படும் மார்க்கச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபிஈ மத்ஹபைத் தழுவியது. சிங்கப்பூரின் மலாய் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அந்த மத்ஹபினர் என்பதால் அது இயல்பே. எங்கள் குடும்பம் மற்றொரு மத்ஹபான ஹனஃபி. எங்களுக்கு ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நிஸாப் இருந்தால் போதும். நடுவில் இருப்பு குறைந்து ஏறியதைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆண்டிறுதியில் கையில் இருப்பதற்கே ஜகாத். அதே கணக்கின் ஆண்டிறுதி இருப்பு 41,000 என்று வைத்துக்கொண்டால், வட்டியைக் கழித்த பின் 1,020 வெள்ளி வரும். நான் ஆண்டிறுதித் தொகையையே கட்டத்தில் இட்டுச் செலுத்தினேன். கணக்கி எதுவும் கேட்கவில்லை; கூடுதலாகக் கொடுப்பவரை எந்தக் கணக்கியும் தடுப்பதில்லை.

இரண்டாவது சிக்கலை அம்மா கொண்டுவந்தார். அம்மாவிடம் இருபத்திரண்டு பவுன் நகை இருக்கிறது: தாலிக்கொடி, இரண்டு சோடி வளையல், ஒரு காசுமாலை, என் பெயரைச் சொல்லி எடுத்து எனக்குக் கொடுக்க மனமில்லாமல் அவரே வைத்திருக்கும் ஓர் அட்டிகை. மொத்தம் 176 கிராம். தளம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரியாக நான் தமிழில் சொல்லச் சொல்ல, அணியும் நகையா, அணியாமல் வைத்திருப்பதா என்ற கேள்விக்கு அம்மா, "அணிவதுதான், பெருநாளுக்கு அணிவேனே" என்றார். எடையை இட்டேன். செலுத்த வேண்டிய ஜகாத் பூஜ்யம் என்று வந்தது.

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

கெட்டுப்போகவில்லை. பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லை. எது வழக்கமான அளவு என்பதற்கு உருஃப் (வழக்கம்) என்ற பெயரில் 860 கிராமை முயிஸ் வரம்பாக வைத்திருக்கிறது. பவுனில் சொன்னால் நூற்றேழரை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அதைத் தாண்டுவோர் இருக்கலாம். அம்மா அதன் பக்கத்திலேயே இல்லை. ஹனஃபி மத்ஹபிலோ அணிந்தாலும் அணியாவிட்டாலும் தங்கம் தங்கமே. 87.48 கிராமை, அதாவது பதினொரு பவுனுக்குச் சற்றுக் குறைந்த அளவைத் தொட்டுவிட்டால் முழு எடைக்கும் இரண்டரை விழுக்காடு கொடுத்தாக வேண்டும். 176 கிராமுக்கு 4.4 கிராம், அரைப் பவுனுக்கு மேலே. ஒரு பக்கம் பூஜ்யம், மறு பக்கம் அரைப் பவுன். இரண்டுமே மார்க்கச் சட்டத்தின் நேர்மையான முடிவுகள்தான். ஆனால் ஹனஃபி குடும்பத்துப் பெண் ஒருத்தி தளம் காட்டிய பூஜ்யத்தோடு கணினியை மூடிவிட்டால் அவளுடைய கடமை அப்படியே நிற்கும் என்பதால், இந்தச் சேவையைப் பயன்படுத்தும் தமிழ் முஸ்லிம்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இணையத்தில் பேநவ் என்ற உடனடிப் பணமாற்று வசதி வழியாகச் செலுத்திய உடனே வேலை முடிந்துவிடுகிறது. இருந்தாலும் அம்மாவுக்காக ஒரு முறை டன்லப் ஸ்திரீட்டிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்குப் போனோம். நோன்புக் கஞ்சி வாங்க நின்றவர்களைத் தாண்டி முகப்பை அடைந்தபோது, அங்கிருந்த பெரியவர் அம்மாவின் நிய்யத்தை, அதாவது மனத்தின் எண்ணத்தை, கேட்டு, பெயரையும் தொகையையும் ரசீதில் எழுதி, அதன் பிறகு கையேந்தி துஆ ஓதினார். முழுவதும் இரண்டு நிமிடங்கள் இருக்கும். வீட்டில் பேநவ் பட்டனை அழுத்தியபோது அம்மா ஆமீன் சொல்லவில்லை, இங்கே சொன்னார். தொழுகை நேரத்தை ஒட்டிப் போனால் காத்திருக்க வேண்டியிருக்கும், பிற்பகல் தொழுகையான அஸ்ருக்கு நன்கு முன்பே போவது நல்லது.

பணம் எங்கே போகிறது என்பதில் இங்குள்ள பலருக்கே ஒரு குழப்பம் உண்டு. மாதச் சம்பளத்தில் மத்திய சேம நிதியோடு சேர்த்துப் பிடிக்கப்படும் பள்ளிவாசல் கட்டுமான, மெண்டாக்கி (முஸ்லிம்களின் கல்விக்கு உதவும் அமைப்பு) நிதியை ஜகாத் என்று நினைத்துக்கொண்டு, "நான்தான் மாதாமாதம் கொடுக்கிறேனே" என்று சொல்வோரைப் பார்த்திருக்கிறேன். 1975இல் பள்ளிவாசல்கள் கட்டுவதற்காகத் தொடங்கிய அந்த நிதி வேறு, ஜகாத் வேறு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. ஜகாத்தில் ஏழைகளுக்கான உதவியைப் பள்ளிவாசல்கள் வழியாகவே வழங்குகிறார்கள். தேவைப்படுவோர் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலில் விண்ணப்பிக்கிறார்கள். சமய ஆசிரியர்களுக்கும் மதரஸாக்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் இறைவழிச் செலவு என்ற வகையில் ஒரு பகுதி போகிறது. அடிமைகளை விடுவித்தல் என்ற வகை இன்று எப்படிப் பொருந்தும் என்று பலர் கேட்கலாம். அறியாமையிலிருந்து விடுவித்தல் என்று அதற்குப் பொருள் கொண்டு ஏழைப் பிள்ளைகளின் துணைப்பாடத்துக்கு உதவுகிறார்கள். ஜகாத் ஓர் ஏழையின் கையில் உடைமையாகவே சேர வேண்டும் என்பதில் கண்டிப்பான ஹனஃபி ஆலிம்களுக்கு இந்த விரிந்த விளக்கங்களில் தயக்கம் இருக்கும். எனக்கும் சற்று இருக்கிறது. ஆனால் துப்பட்டியை முகத்தில் இழுத்துக்கொண்டு யாரும் யார் வீட்டுத் திண்ணையிலும் நிற்க வேண்டாம் என்ற ஒன்று, என் தராசில் அந்தத் தயக்கத்தைவிடக் கனமாக இருக்கிறது.

மூன்றாவதாக ஊர். முயிஸின் ஜகாத் சிங்கப்பூருக்குள்ளேயே செலவாவது. அது சரியான முறையும்கூட, ஏனெனில் ஓர் ஊரின் ஜகாத் அந்த ஊரின் ஏழைகளுக்கே என்பதுதான் பொது விதி. ஆயினும், ஜகாத்தை வெளியூருக்கு அனுப்புவது வெறுக்கத்தக்கது என்று சொல்லும் ஹனஃபி நூல்களே, உறவினருக்கோ கூடுதல் தேவையுடையவருக்கோ அனுப்பினால் அந்த வெறுப்பு இல்லை என்கின்றன. பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கணவன் மனைவி ஆகியோருக்கு ஜகாத் கொடுக்க முடியாது. சகோதர சகோதரிகளுக்கும் மாமன் மாமிகளுக்கும் அவர்கள் ஏழைகளாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். உறவினருக்குக் கொடுப்பது தர்மமும் உறவைப் பேணுதலும் சேர்ந்த இரண்டு நன்மைகள் என்ற நபிமொழியை அத்தா அடிக்கடி சொல்வார். எந்த நிறுவனமும், எவ்வளவு நாணயமாக நடந்தாலும், அந்த இரண்டாவது நன்மையை நமக்குப் பதிலாகச் சம்பாதித்துத் தர முடியாது; முயிஸிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது பிரித்துக்கொண்டோம். சேமிப்பின் ஜகாத் முயிஸுக்கு. அம்மாவின் நகைக்கு உரியது, கணக்கி பூஜ்யம் என்று சொன்ன அந்த 4.4 கிராமின் அன்றைய விலை, அத்தாவின் தங்கையான என் மாமிக்கு. மாமி கணவரை இழந்தவர். தையல் மெஷின் ஒன்றைத் தவிர அவரிடம் சொத்து என்று எதுவும் இல்லை. ஜகாத் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, கொடுப்பவரின் நிய்யத் போதும் என்று ஆலிம் விளக்கிய பிறகு, அம்மா பெருநாள் செலவுக்கு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். முயிஸின் ரசீதுகளை ஆண்டு வாரியாக ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மாமி அனுப்பிய குரல் பதிவு அம்மாவின் கைப்பேசியில் இருக்கிறது. அதில் அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்.