செர்ட்ரலின் 50 மி.கி.: அடிபட்ட பிறகு ஒரு மதிப்பீடு

பதற்ற நோய்க்காக இந்த மாத்திரையை நீண்ட காலமாகச் சாப்பிட்டு வருகிறேன். தூக்கம் திரும்பியது, நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. நான் எழுத வந்தது, வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது தெரிந்துகொண்ட விஷயங்களை.

"தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். பெயரைச் சொன்னதும், வலிக்கு எழுதியிருந்த டிரமடாலை அடித்துவிட்டு மார்ஃபின் எழுதினார். செர்ட்ரலின், டிரமடால் இரண்டுமே செரோடோனின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுபவை. சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் வரலாம். அடிபட்டுக் கிடப்பவருக்கு இதெல்லாம் வந்தால் காயத்தாலோ கிருமியாலோ என்று நினைத்துவிடவும் கூடும்.

ரத்தக் கசிவு இன்னொன்று. செரோடோனின் மூளைக்கு மட்டும் உரியதல்ல. உடலில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான். 1948இல் அதைப் பிரித்தெடுத்தபோதே, ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளாகத்தான் அறிந்தார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அதை ரத்தத்திலிருந்து உறிஞ்சி வைத்துக்கொண்டு, காயம்பட்ட இடத்தில் வெளியே விடும். அது மற்ற தட்டணுக்களையும் அங்கே ஒட்டவைக்க உதவும். செர்ட்ரலின் அந்த உறிஞ்சும் வழியையே அடைக்கிறது. தட்டணு எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதால் சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. பலருக்கு இதனால் பெரிய தொந்தரவு வருவதில்லை. ஆனால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடச் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம், குறிப்பாக வயிற்றில், கூடும்.

அதற்காகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. தலைசுற்றலும் எரிச்சலும் வரும், பதற்றமும் திரும்பலாம். எனக்கு டாக்டர் தொடரச் சொன்னார், தொடர்ந்தேன்.

என் குறை, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தின் மேல்தான். டிரமடாலும் ரத்தக் கசிவும் அதில் இருக்கின்றன, பொடி எழுத்தில், வேறு நூறு விஷயங்களுக்கு நடுவே. அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவர் அதை எடுத்துக் காட்டவா முடியும்? கடுமையான அதிர்ச்சி நிலையில் ரத்த அழுத்தத்தைத் தூக்கச் சில நேரம் கொடுக்கும் மெத்திலீன் ப்ளூ, கிருமித் தொற்றுக்கான லினெசோலிட், இவற்றோடும் இந்த மாத்திரை மோதும். 2011இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்துவிட்டது. பர்சில் வைக்க ஒரு சின்ன அட்டையைப் பெட்டியோடு கொடுப்பது தயாரிப்பாளர்களுக்கு அவ்வளவு கஷ்டமா?

மாத்திரைக்கு ஐந்துக்கு நான்கு, காகிதத்துக்கு ஒன்று. மருந்தின் பெயரையும் அளவையும் போனின் அவசரத் தகவல் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். பூட்டியிருந்தாலும் அதைப் பார்க்கலாம். இதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.