காண்டால்ஃபும் ஹாபிட்டும் ஒரே ஷாட்டில்: தள்ளி உட்காரவைப்பதா, தனியாக எடுப்பதா?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தில் (2001) நெட்டையான மந்திரவாதி காண்டால்ஃபும், ஹாபிட் என்ற குட்டையான இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோவும் குதிரை வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்கள். உண்மையில் ஃப்ரோடோவாக நடித்த எலைஜா வுட் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார். வண்டியையே அப்படித்தான் செய்திருந்தார்கள். தூரத்தில் இருப்பவர் சின்னதாகத் தெரிவார், அவ்வளவுதான் வித்தை. சரி, கேமரா நகர்ந்தால் குட்டு உடைந்துவிடாதா? வீட்டுக்குள் எடுத்த காட்சிக்கு மேசையையே இரண்டாகப் பிரித்தார்கள். கேமரா நகர, ஒரு நடிகர் உட்கார்ந்திருந்த மேடையும் கூடவே நகர்ந்தது!

'தி ஹாபிட்' (2012) 3டி படம். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் பிம்பம் என்பதால் பின்னால் இருப்பவர் பின்னால்தான் தெரிவார். பழைய வித்தை எடுபடாது. அதனால் 13 குள்ளர்கள் ஒரு செட்டில், காண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் பச்சைத் திரைக்கு நடுவே தனியாக. இரண்டு இடத்துக் கேமராக்களும் ஒரே மாதிரி நகரும்; இரண்டு காட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். மெக்கெல்லனுக்கு எதிரே சக நடிகர்களின் புகைப்படங்கள் மட்டும். மனுஷர் வெறுத்துப்போய் அழுதே விட்டார்.

இத்தனை பேரைக் காட்ட இரண்டாவது வழிதான் வசதி. ஆனால் என் ஓட்டு அந்த வண்டிக்கே. கண்ணோடு கண் பார்க்க முடியாவிட்டாலும், இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்து நடித்தார்களே!