"ஜவ்வு சுருங்கிப்போகும்" என்று அவசரப்படுத்தினால்

மண்டபம், பாம்பன் பக்கம் யாருக்காவது முழங்கால் ஜவ்வு கிழிந்து, மதுரையில் "நாளைக்கே ஆபரேஷன்" என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தம்பி விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி மராமத்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் ஈரத்தில் வழுக்கினான். உடம்பு திரும்பியது, ஊன்றிய கால் திரும்பவில்லை. 'டப்'பென்று சத்தம் கேட்டதாம். இரவுக்குள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

நாலாம் நாள் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் சொல்லப்போவதில்லை, வழக்கு வாய்தா என்று அலைய எனக்குத் தெம்பில்லை. ஸ்கேனில் மூட்டு நடுவில் குறுக்கே போகிற ஜவ்வு (ஏசிஎல்) முழுதாகவும், உள்பக்கத்து ஜவ்வு (எம்சிஎல்) பாதியும் கிழிந்திருந்தது. "ரெண்டையும் உடனே சரிபண்ணணும், தள்ளிப்போட்டா ஜவ்வு சுருங்கிரும். ஜூன் 14 தடை முடியுறப்ப தம்பி கடலுக்குப் போயிரலாம்" என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டையை நீட்டினோம். அதில் போட்டால் நாளாகும் என்றார்கள். அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. பில் 2,20,000 ரூபாய்.

இன்றைக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது. கால் முழுதாக நீளவும் இல்லை, பாதிக்கு மேல் மடங்கவும் இல்லை. கீழே உட்கார்ந்து சாப்பிட முடியாதவன் ஆடுகிற படகில் எப்படி நிற்பான்?

அப்புறம்தான் ராமநாதபுரத்தில் வேறொரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எம்சிஎல் கிழிசல் பெரும்பாலும் பிரேஸ் (மூட்டை அசையாமல் தாங்கும் பட்டை) போட்டாலே தானாக ஆறிவிடும். ஏசிஎல் பொதுவாகத் தானாக ஒட்டாது. அதைத் தைப்பதும் அபூர்வம், தொடைப் பின்தசையின் நாரை எடுத்துப் புதிதாகத்தான் கட்டுவார்கள். ஆனால் வீக்கம் வற்றி, கால் நேராக நீள ஆரம்பித்த பிறகு. அதற்குச் சில வாரம் ஆகும். வீங்கிய மூட்டில் கத்தி வைத்தால் உள்ளே தழும்பு கட்டி இறுகிக்கொள்ளும். இவனுக்கு நடந்தது அதுதான். அந்தப் புது நாருக்கு முதல் மூன்று மாதம் வலுவே இருக்காதாம், ஓடியாடி விளையாடவே ஒன்பது மாதம் ஆகுமாம். ஜூன் 14 கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

2010-ல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வைப் பற்றியும் சொன்னார். ஏசிஎல் கிழிந்த 121 இளவயதுக்காரர்களில் 59 பேருக்கு முதலில் பிசியோதெரபி மட்டும். இரண்டு வருடத்தில் அவர்களில் 23 பேருக்குத்தான் ஏசிஎல் ஆபரேஷன் தேவைப்பட்டது. உடனே செய்துகொண்டவர்களின் கால் ஒன்றும் கூடுதலாகத் தேறிவிடவில்லை.

அவசரமே கிடையாது என்று சொல்லவில்லை. கிழிந்த குருத்தெலும்பு சிக்கி மூட்டு பூட்டிக்கொண்டாலோ, எலும்புத் துண்டோடு ஜவ்வு பிய்ந்தாலோ, மூன்று நாலு ஜவ்வு ஒன்றாகப் போனாலோ காத்திருக்கக் கூடாது. பாதம் சில்லிட்டால் அந்த நிமிடமே ஓட வேண்டும். இதில் எது என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

இன்னொரு கூத்து. புது நாரைப் பிடிக்க உள்ளே வைத்த ஸ்க்ரூ எந்தக் கம்பெனியுடையது என்று காட்டும் ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் தாளில் இல்லை. போன் போட்டால், "ஃபைல் மேல இருக்குண்ணே, நாளைக்குப் பேசுங்க." பதினோரு நாளாக அதே பதில்.

அடுத்த வாரம் மயக்கம் கொடுத்துக் காலை மடக்கிப் பார்க்கப்போகிறார்கள். முடியாவிட்டால் துளை போட்டு உள்தழும்பை வெட்ட வேண்டுமாம். இந்தமுறை செலவை எழுதி வாங்கிவிட்டேன்.